நான்கு இரவுகளில் துருவ ஒளி: எந்த ஊருக்கு டிக்கெட் போடுவது?

குளிர்காலத்தில் நான்கைந்து நாள் லீவு கிடைக்கிறது. அதற்குள் வடதுருவ ஒளியைப் பார்த்துவிட வேண்டும். எந்த ஊருக்குப் போவது? இந்தக் கேள்வியோடு தேட ஆரம்பித்தால் எல்லா ஊரும் ஒன்று போலத்தான் தெரியும். அதே பச்சைத் திரை, அதே பனி சுமந்த மரம், அதே கண்ணாடிக் கூரைக்குக் கீழே படுத்திருக்கும் ஜோடி. ஆனால் ஊருக்கு ஊர் வித்தியாசம் நிறைய உண்டு. அதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் தடவை போனது ஐஸ்லாந்துக்கு. டிசம்பர் மாதம், மூன்று இரவு. மூன்று இரவும் வானம் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. இரண்டாம் இரவு ஒரு பெரிய பஸ்ஸில் ஐம்பது பேரை ஏற்றிப்போய், ஊருக்கு வெளியே ஒரு வண்டி நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றோம். நடுவில் மேகத்தில் ஒரு சின்னக் கிழிசல் விழுந்தது. அதில் நான்கு நட்சத்திரம் தெரிந்தது. அவ்வளவுதான், பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டோம். கொடுமை என்னவென்றால் அன்றைக்குச் சூரியப் புயல் நல்ல பலமாக இருந்தது. போனில் இருந்த ஆப் 'இப்போதே வெளியே போ' என்று அலறிக்கொண்டே இருந்தது. நூறு கிலோமீட்டர் உயரத்தில் திருவிழா. கீழே எங்கள் தலைக்கு மேல் ரெண்டு கிலோமீட்டர் தடிமனுக்கு மேகம்.

அன்றைக்குப் புரிந்ததை வைத்துத்தான் இந்த ஒப்பீடு முழுவதையும் எழுதுகிறேன். துருவ ஒளிப் பயணத்தைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மேகம்தான். சரியான இடத்தில் நின்றால், சூரியன் தன் வேலையை ஏறக்குறைய எல்லா இரவும் செய்துகொண்டுதான் இருக்கிறது.

சரியான இடம் என்றால் என்ன? சூரியனிலிருந்து மின்னேற்றம் பெற்ற துகள்கள் சதா காற்றாக வீசிக்கொண்டிருக்கின்றன. அவை பூமியின் காந்தப்புலத்தோடு மோதி ஆற்றலைக் கொட்ட, அந்த ஆற்றல் எலக்ட்ரான்களைக் காந்தக் கோடுகள் வழியே கீழே விரட்டுகிறது. வளிமண்டலத்தில் அவை வந்து இடிக்கும்போது 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் பச்சையாக ஒளிர்கிறது. 200 கிலோமீட்டருக்கு மேல் அதே ஆக்சிஜன் சிவப்பு. கீழ் விளிம்பில் நைட்ரஜனால் இளஞ்சிவப்பும் ஊதாவும். இதெல்லாம் துருவத்தின் உச்சந்தலையில் நடப்பதில்லை. காந்தத் துருவத்தைச் சுற்றி, தலையைச் சுற்றிக் கட்டிய பூச்சரம் மாதிரி, ஒரு வளையத்தில் நடக்கிறது. அரோரா என்பது துருவ ஒளியின் இன்னொரு பெயர், அதனால் இதை அரோரா வளையம் என்பார்கள். நாம் போகும் ஊர் அந்த வளையத்துக்கு அடியில் இருக்க வேண்டும், அதுதான் முதல் நிபந்தனை.

இந்த வளையத்தின் மையம் புவியியல் துருவத்திலிருந்து கனடா பக்கமாகச் சரிந்திருக்கிறது. அதனால் வட அமெரிக்காவில் வளையம் தெற்கே இறங்கி வருகிறது. கனடாவின் யெல்லோநைஃப் 62.5 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது, ஆனாலும் வளையத்துக்கு நேர் கீழே. நார்வேயில் அதே 62.5 டிகிரியில் போய் நின்றால் பல இரவுகளில் ஒன்றும் தெரியாது; அங்கே 67, 69 என்று ஏற வேண்டியிருக்கிறது. எவ்வளவு வடக்கோ அவ்வளவு நல்லது என்று நினைத்து நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு, 78 டிகிரிக்கு, டிக்கெட் போடுபவர்களும் உண்டு. அங்கே போனால் பெரும்பாலான இரவுகளில் வளையம் நமக்குத் தெற்கே தங்கிவிடும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை நண்பகலிலும் இருட்டு என்பதால் பகல் நேர அரோராவைப் பார்க்கலாம், விஞ்ஞானிகளுக்கு அது பெரிய வரம். முதல் தடவை போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். போதாததற்கு ஸ்வால்பார்ட், பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஒரு தடவை மட்டும் நுழையும் விசாவோடு போனால் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம் இந்தக் கேபி எண். 0 முதல் 9 வரை போகும் காந்தப் புயல் அளவு. எல்லா ஆப்பும் இதைத்தான் முதலில் காட்டும், எல்லாரும் இதைப் பார்த்துத்தான் பதறுவார்கள். வளையத்துக்கு அடியில் இருக்கும் ஊரில் கேபி 1, 2 என்றாலும் வானம் திறந்திருந்தால் ஒளி தெரியும். கேபி ஏறினால் வளையம் தெற்கே அகலும், அவ்வளவுதான். அது தெற்கே இருப்பவர்களுக்கான கவலை. ஃபின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, அந்த நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள கில்பிஸ்யார்வி பகுதியில் நான்கு இரவில் மூன்றில் அரோரா உண்டு. அதற்குக் கொஞ்சம் தெற்கே உள்ள சோடன்கூலாவில் சராசரியாக இரண்டில் ஒன்று. நாட்டின் தெற்கில் இருபதில் ஒன்று. ஆனால் இதெல்லாம் வானம் இருட்டாகவும் தெளிவாகவும் இருந்தால்.

சரி, இனி ஊர்கள்.

ட்ரோம்சோவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து நிற்பது அங்கேதான். நார்வேயின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே சுமார் 350 கிலோமீட்டரில் ஒரு தீவு நகரம். ஓஸ்லோவிலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம். பல்கலைக்கழகம் இருக்கிறது, நல்ல காபிக் கடைகள் இருக்கின்றன, கேபிள் காரில் 421 மீட்டர் உயரத்துக்கு ஏறி நகரத்தைப் பார்க்கலாம். இவ்வளவு வடக்கே இருந்தும் கடலின் வெப்ப நீரோட்டத்தால் குளிர் அடங்கியே இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் சராசரி மைனஸ் 4 டிகிரி வாக்கில். எலும்பை உறையவைக்கும் குளிர் வேண்டாம் என்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

அதே கடல்தான் இந்த ஊரின் வியாதியும். கடலோரம் என்றால் மேகம், ஈரம், திடீர்ப் பனிப்பொழிவு. சில சமயம் ஜனவரியிலேயே மழை. அந்த மழை ராத்திரியில் உறைந்து தெரு முழுக்கக் கண்ணாடியாகிவிடும்; செருப்புக் கடையில் விற்கும் முள் பட்டையை ஷூவுக்கு மேல் மாட்டாமல் நடந்தால் இடுப்பு போகும். வெறும் வானிலையை மட்டும் பார்த்தால் ட்ரோம்சோ கடைசி வரிசையில் வர வேண்டிய ஊர்.

ஆனால் அதைத் தூக்கிவிடுவது அதன் சாலைகள். மேற்கே திறந்த கடல், கிழக்கே ஃபியோர்டுகள் (மலைகளுக்கு நடுவே நீளமாக நுழைந்த கடல்), அதற்கப்புறம் மலைத்தொடர், மலைக்கு அந்தப்புறம் வறண்ட ஃபின்லாந்து. நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் மூன்று நான்கு விதமான வானிலை. இங்கே சிறு வேன்களில் துரத்திப் போகும் வழிகாட்டிகள் சாயங்காலம் ஆறு மணிக்குச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துவிட்டு எந்தத் திசை என்று முடிவெடுக்கிறார்கள். மேற்கே தெளிவாக இருந்தால் குவாலோயா தீவின் கடற்கரை. எல்லாம் மூடியிருந்தால் ஷிபோட்ன் பள்ளத்தாக்கு வழியாக ஃபின்லாந்து எல்லை வரைக்கும். ஷிபோட்ன், மலைகளின் மழை மறைவில் இருக்கும் இடம். ட்ரோம்சோ பல்கலைக்கழகம் தன் வானியல் ஆய்வகத்தை அங்கே வைத்தது சும்மா இல்லை.

நான் இரண்டாம் தடவை போனது அந்த வழியில்தான். எட்டுப் பேர் வேன். ஊரில் கிளம்பும்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது, எனக்கு ஐஸ்லாந்து ஞாபகம்தான். ரெண்டரை மணி நேர ஓட்டம். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது வேடிக்கையாக இருந்தது. எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் ஓட்டுநர் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். முதலில் தெரிந்தது வடக்கே ஒரு சாம்பல் கீற்று. வெளுத்த மேகம் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் நின்றவர் போனைத் தூக்கி மூன்று விநாடி அசையாமல் பிடித்தார். திரையில் அது பச்சை. நம் கண்ணில் இருட்டில் வேலை செய்யும் செல்களுக்கு நிறம் தெரியாது, அதனால் மங்கலான அரோரா சாம்பலாகத்தான் தெரியும், இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. பதினோரு மணி சுமாருக்கு அந்தக் கீற்று தடித்தது, கண்ணுக்கே பச்சையானது, அப்புறம் யாரோ ஒரு முனையைப் பிடித்து உதறிய சேலை மாதிரி கிழக்கிலிருந்து மேற்குவரை அலை ஓடியது. கீழ் ஓரத்தில் இளஞ்சிவப்பு. முழு ஆட்டம் ஏழெட்டு நிமிஷம் இருக்கும். பேச்சுச் சத்தமே இல்லை, பனியில் பூட்ஸ் நெரியும் சத்தம் மட்டும். என் போன், 40 சதவீதம் பேட்டரி இருக்கும்போதே குளிரில் கண்ணை மூடிக்கொண்டது. ஆகவே என்னிடம் நல்ல படம் ஒன்றும் இல்லை.

ட்ரோம்சோவுக்கு நேர் எதிர் குணம் ஸ்வீடனின் அபிஸ்கோவுக்கு. அது ஊர் என்று சொல்லவே முடியாத ஊர்: ஒரு ரயில் நிறுத்தம், ஒரு சின்னக் கடை, சில விடுதிகள், ஒரு தேசியப் பூங்கா. கிருனாவுக்குப் பறந்து, அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் ரயிலிலோ பஸ்ஸிலோ போக வேண்டும். நார்வே எல்லை மலைகள் கடலிலிருந்து வரும் ஈரத்தையெல்லாம் பிழிந்து எடுத்துவிடுவதால், ஸ்வீடனிலேயே மழையும் பனியும் மிகக் குறைவாக விழும் இடங்களில் இது ஒன்று. எதிரே 70 கிலோமீட்டர் நீளத்துக்கு டோர்னத்ரெஸ்க் ஏரி உறைந்து கிடக்கும். சுற்றிலும் மூடியிருக்கும்போது ஏரிக்கு மேலே மட்டும் வானம் திறந்திருப்பதை அங்கே 'நீல ஓட்டை' என்கிறார்கள். வேன் தேவையில்லை, விடுதிக் கதவைத் திறந்து ஏரிக்கரைக்கு நடந்தால் போதும். நுவோல்யா மலையில் 900 மீட்டர் உயரத்தில் ஒரு பார்வை நிலையம் இருக்கிறது, திறந்த நாற்காலி லிஃப்ட்டில் இருட்டில் ஏறிப் போக வேண்டும். காற்று பலமாக இருந்தால் லிஃப்ட் ஓடாது.

அரோரா ஒன்றுதான் குறி என்றால் ஐரோப்பாவில் அபிஸ்கோவை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி. ஆனால் பகலில் என்ன செய்வது? பனியில் நடக்கலாம், நாய் வண்டி ஓட்டலாம், புத்தகம் படிக்கலாம். கூட வருபவர் இரண்டாம் நாளே 'இங்கே வேற என்ன இருக்கு' என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம். கிருனாவில் ஒரு நாள் தங்கினால் அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பதில் கிடைக்கும். இரும்புச் சுரங்கம் ஊருக்கு அடியில் வந்துவிட்டதால் ஊரையே பெயர்த்துக் கிழக்கே கொண்டுபோகிறார்கள்; 2025 ஆகஸ்டில் பழைய மரத் தேவாலயத்தை அப்படியே முழுதாகச் சக்கரங்களில் ஏற்றி ஐந்து கிலோமீட்டர் நகர்த்தினார்கள். பக்கத்திலேயே யுக்கஸ்யார்வியில் பனிக்கட்டி விடுதி.

ட்ரோம்சோ, அபிஸ்கோ இரண்டையும் சேர்த்தும் போடலாம். கிருனாவிலிருந்து அபிஸ்கோ வழியாக நார்வேயின் நார்விக்குக்கு ரயில் ஓடுகிறது; நார்விக்கிலிருந்து ட்ரோம்சோவுக்குப் பஸ்ஸில் நான்கு மணி நேரம். ஐந்து இரவு இருந்தால் இரண்டு அங்கே, மூன்று இங்கே. மூன்றே இரவு என்றால் இந்த ஆசை வேண்டாம், பயணத்திலேயே ஒரு ராத்திரி போய்விடும்.

ரோவனியேமி விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. ஃபின்லாந்தின் இந்த நகரம் ஏறக்குறைய ஆர்க்டிக் வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஹெல்சிங்கியிலிருந்து விமானமும் உண்டு, ராத்திரி ரயிலும் உண்டு. சாண்டா கிளாஸ் கிராமம், கலைமான் வண்டி, பனிச் சறுக்கு, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். சின்னப் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு இதைவிடச் சுலபமான இடம் கிடையாது. ஆனால் வளையத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது, நகர வெளிச்சம் இருக்கிறது, டிசம்பரில் தாழ்ந்த மேகம் நாள் கணக்கில் நகராமல் நிற்கும். சாண்டாவைப் பார்க்கப் போய் அரோரா கிடைத்தால் லாபம் என்று போகலாம். அரோராவுக்காகவே என்றால் அதே ஃபின்லாந்தில் இவாலோ விமான நிலையத்தில் இறங்கி, இனாரி, சாரிசெல்கா பக்கம் போங்கள். குளிர் இன்னும் கடுமை, கூட்டம் குறைவு, இருட்டு சுத்தமானது. ஃபின்னியர்கள் அரோராவுக்கு 'ரெவோன்துலெட்', அதாவது நரித்தீ, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆர்க்டிக் நரி ஓடும்போது வால் பனியில் பட்டுத் தெறிக்கும் பொறிதான் வானத்தில் தெரிகிறதாம்.

ஐஸ்லாந்தின் மேல் எனக்குக் கோபம் இருந்தாலும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நாடு முழுவதும் வளையத்துக்கு அடியிலோ ஓரத்திலோதான் இருக்கிறது. துருவ இரவு, அதாவது சூரியனே உதிக்காத காலம், கிடையாது. டிசம்பர் கடைசியில்கூட நான்கு மணி நேரம் வெளிச்சம் உண்டு. அருவி, பனியாறு, கறுப்பு மணல் கடற்கரை என்று பகலில் பார்ப்பதற்கு இந்தப் பட்டியலில் வேறெந்த இடமும் பக்கத்தில் வர முடியாது. குளிரும் சுமார், ரெய்க்யவிக்கில் ஜனவரி சராசரி பூஜ்யத்தை ஒட்டியே. குறை என்னவென்றால் அட்லாண்டிக் புயல்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். மேகம் மட்டுமல்ல, சாலையையே மூடிவிடுவார்கள், அப்போது மேகத்தைவிட்டு ஓடவும் வழியில்லை. வாடகைக் காரின் கதவைக் காற்று பிய்த்துக்கொண்டு போனால் சாதாரணக் காப்பீடு அதை ஏற்காது. கதவைப் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும். ரெய்க்யானஸ் தீபகற்பத்தில் 2023 நவம்பரில் கிரிண்டாவிக் ஊரையே காலி செய்தது முதல் எரிமலையும் அவ்வப்போது திட்டத்தில் கை வைக்கிறது. ஐஸ்லாந்து வானிலை அலுவலகத்தின் மேக வரைபடம் மட்டும் அருமை. அதில் வெள்ளை தெளிந்த வானம், பச்சைதான் மேகம். அவசரத்தில் தலைகீழாகப் புரிந்துகொண்டு பச்சையை நோக்கி வண்டி ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸும் கனடாவின் யெல்லோநைஃபும். வானிலையை மட்டும் வைத்துப் பரிசு கொடுத்தால் முதல் இரண்டு இடமும் இவைகளுக்குத்தான். ரெண்டும் கடலிலிருந்து வெகு தூரம், ரெண்டும் வறண்ட உள்நாட்டுக் குளிர். தெளிந்த வானத்துக்குக் கொடுக்கும் விலை அந்தக் குளிர்தான்: ஜனவரி சராசரியே மைனஸ் 20-ஐத் தாண்டும், மைனஸ் 40 வருவதும் அதிசயமில்லை. அந்தக் குளிரில் மூச்சு விட்டால் கண் இமையில் உறையும். ஃபேர்பேங்க்ஸில் காரை நிறுத்தினால் எஞ்சினுக்கு மின்சார பிளக் செருகிவிட்டுத்தான் போவார்கள். அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள் சேனா வெந்நீர் ஊற்று இருக்கிறது. கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்து, உறைந்த தலைமுடியோடு, மேலே பார்க்கலாம். யெல்லோநைஃபில் நிலம் தட்டையாக இருப்பதால் அடிவானம் வரை மறைப்பே இல்லை, சூடேற்றிய கூடாரங்களில் காத்திருக்கும் ஏற்பாடும் பழகிப்போன ஒன்று. நவம்பரில் மட்டும் போகாதீர்கள்: கிரேட் ஸ்லேவ் ஏரி உறைந்து முடியும்வரை அதன் ஆவியே மேகமாகி ஊரை மூடும். வட அமெரிக்காவில் ஏற்கெனவே இருப்பவர் ஐரோப்பாவுக்கு ஏன் பறக்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். ஐரோப்பாவிலிருந்தோ ஆசியாவிலிருந்தோ வருபவருக்கு, நான்கு இரவுக்கு இவ்வளவு தூரமும் இத்தனை விமானம் மாறுவதும் கட்டுப்படியாகாது.

ஊரைவிட மாதம் முக்கியமா என்றால், ஏறக்குறைய அதே அளவுக்கு முக்கியம். எல்லாரும் டிசம்பரைப் பிடிக்கிறார்கள், விழாக்காலம், லீவு. ட்ரோம்சோவில் நவம்பர் 27 முதல் ஜனவரி 15 வரை சூரியன் உதிப்பதே இல்லை. சாயங்காலம் நான்கு மணிக்கே அரோரா தெரிந்த நாட்கள் உண்டு. நண்பகலில் ஒரு நீல வெளிச்சம் வரும், அது தனி அழகு. ஆனால் மேகம் அதிகம், விலை உச்சம், இருட்டில் எல்லா நாளும் ஒரே நாள் மாதிரி ஓடும். பிப்ரவரி கடைசி, மார்ச் என்றால் பனி நன்றாகப் படிந்து இருக்கும், வானம் கொஞ்சம் நிலைக்கும், பகலில் வெயில் இருக்கும், ராத்திரியில் போதுமான இருட்டும் உண்டு. இன்னொரு லாபமும் இருக்கிறது: இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டம்பர் சமயத்தில் சூரியக் காற்றின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தோடு எளிதாகப் பிணைகிறது, காந்தப் புயல்கள் கூடுகின்றன. ரஸ்ஸல், மெக்பெரான் என்ற இருவர் 1973இல் இதை விளக்கினார்கள். எனக்குத் தேர்வு கொடுத்தால் மார்ச் முதல் இரண்டு வாரம்தான்.

சூரியன் 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சத்தை எட்டிவிட்டது என்று 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். 'அப்போ இனிமேல் போய்ப் பயனில்லையா' என்று கேட்பவர்களுக்கு: வளையத்துக்கு அடியில் போகிறவர்களுக்கு இது பெரிய கவலை இல்லை. உச்சம் தாண்டி இறங்கும் ஆண்டுகளில் சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவில் விழும் துளைகளிலிருந்து வேகக் காற்று 27 நாளுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வரும். வடக்கு ஊர்களுக்கு அது நல்ல தீனி. நிலவையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். முழு நிலவில் மங்கலான அரோரா கரைந்துபோகும், ஆனால் பனிமலை பளிச்சென்று தெரியும். படம் எடுப்பவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். இதற்காக மட்டும் தேதியை மாற்ற மாட்டேன்.

எத்தனை இரவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் ஒரு ராத்திரி வானம் திறக்க 40 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம், சும்மா ஒரு எண்தான். இரண்டு இரவு தங்கினால் ஒரு தடவையாவது திறக்க 64 சதவீதம், மூன்று என்றால் 78, நான்கு என்றால் 87. இப்போது வேனில் துரத்திப்போய் அந்த 40-ஐ 60 ஆக்கிவிட்டால்? இரண்டே இரவில் 84, மூன்றில் 94. அதாவது துரத்தும் வசதி ஒன்றிரண்டு கூடுதல் இரவுக்குச் சமம். நிஜத்தில் மேகம் வந்தால் ரெண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் டேரா போடும், ஆகவே ஒரே இடத்தில் காத்திருப்பவர் இந்தக் கணக்கைவிட மோசமாகத்தான் மாட்டுவார். ஐஸ்லாந்தில் நான் மாட்டியது போல.

இதனால்தான் எந்த வகைச் சுற்றுலா என்பதைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பெயர் எல்லாம் அரோரா என்றே இருக்கும். நாய் வண்டியோடு அரோரா, கலைமானோடு அரோரா, இரவு உணவோடு அரோரா என்பவை ஒரு பள்ளத்தாக்கில் ஒரு முகாமில் நடப்பவை. மேகம் வந்தால் சூப் குடித்துவிட்டுத் திரும்பலாம். கப்பல் சவாரி வெதுவெதுப்பாக இருக்கும், தளம் ஆடுவதால் படம் தேறாது. பெரிய பஸ் விலை குறைவு, ஆனால் ஐம்பது பேரை வைத்துக்கொண்டு குறுகலான பனிச் சாலையில் எங்கே வேண்டுமானாலும் திரும்ப முடியாது. சிறு வேன் விலை அதிகம், எனக்கு அதில் மட்டும் மனத்தாங்கல் இல்லை. சொந்தமாக வாடகைக் கார் எடுப்பது, பனிச் சாலையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு மட்டும். கண் வானத்தில் இருக்கும், சக்கரம் பனிக்கட்டியில் இருக்கும், எதிரே கலைமான் நிற்கும்.

கண்ணாடிக் கூரை அறை? அழகுதான். ஆனால் அது நகராது, ஒரு ராத்திரி வாடகையில் இரண்டு மூன்று வேன் சவாரி போகலாம். ஆசையாக இருந்தால் ஒரே ஒரு இரவு.

ஆக, என் தேர்வுகள். நான்கு இரவு, கூட வருபவர்களுக்கு ஊரும் வேண்டும், ஒளியும் வேண்டும் என்றால் மார்ச்சில் ட்ரோம்சோ, சிறு வேன். ஒளி மட்டும் போதும், அமைதி பிடிக்கும் என்றால் அபிஸ்கோ. பிள்ளைகளோடு என்றால் ஃபின்லாந்து, முடிந்தால் ரோவனியேமிக்கு வடக்கே. பகலில் பார்ப்பதுதான் பிரதானம் என்றால் ஐஸ்லாந்து, அரோராவை மறந்துவிட்டுப் போங்கள். ட்ரோம்சோவில் கூட்டம் சகிக்கவில்லை என்பவர்களுக்கு இன்னும் கிழக்கே ஆல்டா இருக்கிறது. நார்வே விஞ்ஞானி கிறிஸ்தியன் பிர்க்லாண்ட் 1899இல் அரோராவை ஆராய மலையுச்சியில் நிலையம் கட்டியது அந்த ஊருக்கு மேலேதான். நார்வேயின் பழைய 200 குரோனர் நோட்டில் இருந்த முகம் அவருடையது.

பதிவு செய்யும்போது ஒன்று. துரத்தும் வேனை முதல் இரவுக்கே போடுங்கள், வந்து இறங்கிய அலுப்பு இருந்தாலும் சரி. ஒளி கிடைத்துவிட்டால் மீதி நாட்கள் நிம்மதி. கிடைக்காவிட்டால் பல நிறுவனங்கள் இன்னொரு இரவு இலவசமாகவோ பாதி விலைக்கோ ஏற்றிக்கொள்ளும், அதற்கு உங்களிடம் இரவு மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா? கடைசி நாளுக்குப் போட்டுவிட்டு அதிகாலை விமானத்தையும் வைத்துக்கொள்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. உள்ளே கம்பளி நூலாடை, பருத்தி வேண்டவே வேண்டாம், வேர்த்தால் உடம்போடு ஒட்டிக் குளிரும். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக. போனைச் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வையுங்கள். கேமராவைக் குளிரிலிருந்து நேரே அறைக்குள் கொண்டுவராமல், வெளியிலேயே ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடும். எட்டு மணிக்கு ஒன்றும் தெரியவில்லை என்று படுத்துவிடாதீர்கள். ஷிபோட்னில் எங்கள் வேனிலேயே இருவர் பத்தே முக்காலுக்கு உள்ளே போய்த் தூங்கிவிட்டார்கள். அவர்களை எழுப்ப யாருக்கும் ஞாபகம் வரவில்லை.